ஹைப்பர்காரில் சஸ்பென்ஷன் யாருக்கு விட்டுக்கொடுக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஹைப்பர்கார்களில் சஸ்பென்ஷன் பொறியாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் எப்போதும் இழுபறி என்கிறார்கள். கடைசியில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்? 20, 21 அங்குலச் சக்கரங்கள் நிஜமாகவே தேவையா, வெறும் தோற்றத்துக்கா?"

நான் பல வருடங்கள் ஷாக் அப்சார்பர் டியூனிங் வேலையில் இருந்தவன். அதனால் சஸ்பென்ஷன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வியில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். இந்த இழுபறியில் மூன்றாவதாகக் காற்றும் நிற்கிறது. மூவரில் அதிகப் பலம் அதற்குத்தான். பொறியாளர் கேட்பதையும் வடிவமைப்பாளர் கேட்பதையும் பேசித் தீர்க்கலாம். மணிக்கு 300 கிமீ வேகத்தில் வரும் காற்றோடு பேச முடியாது.

காற்று என்ன செய்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊர் வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் பட்டை இரும்பை வில்லாக வளைத்து வைத்திருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வில் வளையும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு தப்பிக்கும். சாதாரணக் காரின் சஸ்பென்ஷனுக்கும் அடிப்படை வேலை அதுதான். சுமை ஓரளவு நிலையானது, மேடு பள்ளம் மட்டும் மாறுகிறது.

ஹைப்பர்காரில், அதாவது மிக அதிக வேகத்துக்காகவே செய்யப்படும் காரில், சுமையே மாறுகிறது. 2024இல் வந்த ஃபெராரி எஃப்80, மணிக்கு 250 கிமீ வேகத்தில் 1,050 கிலோ கீழ்விசையை, அதாவது காரைத் தரையோடு அழுத்தும் விசையை, காற்றிலிருந்து எடுக்கிறது. காற்றுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே அமைப்பில் 100 கிமீ வேகத்தில் அது ஏறக்குறைய 170 கிலோதான் இருக்கும். அதாவது நேர்சாலையில் காலை அழுத்தினால், சில நொடிகளில் கூரை மேல் ஒரு சிறிய காரையே தூக்கி வைத்த மாதிரி. பிரேக் பிடித்தால் அந்தச் சுமை உடனே இறங்கிவிடும். ஒரு சுற்றில் இது எத்தனையோ முறை நடக்கும்.

இதற்கு ஸ்பிரிங் என்ன செய்யும்? நாங்கள் ஸ்பிரிங்கின் கடினத்தை அதிர்வெண்ணாகச் சொல்வோம். காரை அழுத்தி விட்டால் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடுகிறது என்ற கணக்கு. சொகுசான காருக்கு 1.25 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். கடினமான ஸ்போர்ட்ஸ் காருக்கு 2 ஹெர்ட்ஸ். இந்த எண்ணிலிருந்து இன்னொன்றையும் கண்டுபிடித்துவிடலாம்: காரின் எடை அளவுக்கே இன்னொரு சுமை மேலே ஏறினால் கார் எவ்வளவு அமுங்கும்? 1.25 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 160 மிமீ. 2 ஹெர்ட்ஸ் என்றால் 62 மிமீ. 4 ஹெர்ட்ஸ் என்றால் 16 மிமீதான்.

இப்போது தரையிலிருந்து 100 மிமீ உயரத்தில் நிற்கும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கில், தன் எடை அளவுக்குக் கீழ்விசை வந்தால் 62 மிமீ போய்விடும். மீதி 38. அதில் பிரேக் பிடித்தால் மூக்கு இன்னும் குனியும், அதன் மேல் ஒரு சின்ன மேடு வந்தால் கார்பன் அடித்தட்டு தரையில் உரசும். 4 ஹெர்ட்ஸ் போட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் அந்தக் காரில் ஊருக்குள் போகவே முடியாது, ஒவ்வொரு தார்ச்சாலை ஒட்டும் முதுகெலும்பில் தெரியும்.

உரசல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கீழ்விசையின் பெரும்பகுதி அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பிறக்கிறது. அந்த இடைவெளி சில மிமீ மாறினாலே விசையின் அளவும் மாறும், அது முன்பக்கம் விழுகிறதா பின்பக்கம் விழுகிறதா என்பதும் மாறும். 2022இல் ஃபார்முலா 1 மறுபடி அடித்தட்டுக் காற்றியலுக்குத் திரும்பியபோது கார்கள் நேர்சாலையில் குதிரை மாதிரித் துள்ளியது நினைவிருக்கும். கார் அமுங்கியதால் விசை கூடியது, விசை கூடியதால் மேலும் அமுங்கியது, ஒரு கட்டத்தில் காற்றோட்டம் அறுந்து கார் எழும்பியது. பிறகு மறுபடி முதலிலிருந்து. பந்தயக்காரர் அதைப் பல்லைக் கடித்துத் தாங்குவார். பெரும் பணம் கொடுத்து வாங்கியவர் தாங்க மாட்டார்.

ஆக ஹைப்பர்கார் சஸ்பென்ஷனின் மையமான வேலை சொகுசும் இல்லை, பிடிப்பும் இல்லை. அடித்தட்டைச் சரியான உயரத்தில் பிடித்து வைப்பது. மற்ற இரண்டும் அதற்கப்புறம் மிச்சமிருப்பதில் செய்துகொள்ள வேண்டியவை.

இந்தச் சிக்கலை முதலில் மிக அழகாகத் தீர்த்தவர் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கார்டன் மரே. வருடம் 1981. அந்தப் பருவத்தில் ஃபார்முலா 1 கார்களுக்குத் தரையிலிருந்து 6 செமீ இடைவெளி கட்டாயம் என்று விதி வந்தது. ஆனால் அளப்பது கார் நிற்கும்போதுதான். பிராபம் பிடி49சி காரில் மரே காற்றும் திரவமும் சேர்ந்த ஸ்பிரிங்குகளை வைத்தார். கார் வேகமெடுத்ததும் கீழ்விசையே அதை அமுக்கும். திரவம் மிகச் சிறிய துளை வழியாகத்தான் திரும்ப முடியும் என்பதால் வளைவுகளில் மெதுவானாலும் கார் சட்டென எழாது. கடைசியில் மெல்ல ஓட்டி வரும் சுற்றில் நிதானமாக எழுந்து, அளக்கும் இடத்தில் 6 செமீ உயரத்தில் நிற்கும். அந்த வருடம் நெல்சன் பிகே அந்தக் காரில் அர்ஜென்டினாவில் ஜெயித்தார், உலகப் பட்டத்தையும் வாங்கினார். இன்றைய ஹைப்பர்கார்கள் மோட்டாரும் கணினியும் வைத்துச் செய்வதன் சாரம் இதுதான்: நிற்கும்போது ஒரு உயரம், ஓடும்போது ஒரு உயரம்.

புகாட்டி வெய்ரானில் இது வெளிப்படையாகவே இருந்தது. சாதாரண ஓட்டத்தில் தரையிலிருந்து 125 மிமீ. 220 கிமீ தாண்டினால் கார் தானாக முன்னால் 80, பின்னால் 95 மிமீக்கு இறங்கும், பின் இறக்கை எழும்பும். 375 கிமீக்கு மேல் போக வேண்டுமானால் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டாவது சாவி ஒன்றைத் திருப்ப வேண்டும். அப்போது 65, 70 மிமீ, இறக்கையும் கிட்டத்தட்ட மடங்கிவிடும். ஒரே உடலுக்குள் மூன்று கார்கள். வெய்ரானின் பக்கவாட்டுக் கோடு அத்தனை மென்மையாக, இறக்கை துருத்தாமல் இருப்பதற்கு இந்த ஹைட்ராலிக் அமைப்பும் ஒரு காரணம். நிலையான பெரிய இறக்கை ஒன்றை வரைய வேண்டிய கட்டாயம் வடிவமைப்பாளருக்கு இல்லாமல் போனது.

மெக்லாரன் பி1 இன்னும் ஒரு படி மேலே போனது. ரேஸ் மோடில் 50 மிமீ இறங்கும், பின் இறக்கை 300 மிமீ வரை எழும்பும், ஸ்பிரிங் கடினம் 300 சதவீதம் கூடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 257 கிமீ வேகத்தில் 600 கிலோ கீழ்விசை. இதைச் செய்ய அவர்கள் வழக்கமான ஆன்ட்டி-ரோல் பாரையே (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) எடுத்துவிட்டு, சக்கரங்களை ஹைட்ராலிக் குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும், இது சஸ்பென்ஷனின் உயிர்நாடி.

ஒரு காரின் உடல் நான்கு விதமாக அசையும். நான்கு சக்கரமும் ஒன்றாக அமுங்குவது ஒன்று. முன்னால் குனிந்து பின்னால் எழுவது இரண்டாவது. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வது மூன்றாவது. எதிரெதிர் மூலைகள் ஏறி மற்ற இரண்டும் இறங்குவது, அதாவது முறுக்கிக்கொள்வது, நான்காவது. கீழ்விசையைத் தாங்க முதலாவது கடினமாக இருக்க வேண்டும். சாய்வும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் கரடான சாலையில் எல்லாச் சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமானால் நான்காவது மிக இளகலாக இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் தனித்தனியாக ஒரு ஸ்பிரிங் மட்டும் வைத்தால் நான்கும் சேர்ந்தே கடினமாகும், சேர்ந்தே இளகும். அவற்றைப் பிரித்துத் தனித்தனியாகத் தீர்மானிப்பதுதான் இன்றைய ஹைப்பர்கார் சஸ்பென்ஷனின் முழு வித்தை.

கோனிக்செக் நிறுவனத்தின் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். 2010இல் வந்த அகெராவிலிருந்து பின் அச்சில் மூன்றாவதாக ஒரு டாம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, குறுக்காகப் படுக்க வைக்கிறார்கள், ஸ்பிரிங்கோடு சேர்த்து. ஒரு முனை இடதுபக்கச் சக்கரத்தோடு, மறுமுனை வலதுபக்கத்தோடு. கார் வளைவில் சாய்ந்தால் ஒரு முனை தள்ளும், மறுமுனை இழுக்கும், மூன்றாவது டாம்பர் நீளம் மாறாமல் அப்படியே நகர்ந்து போகும். இரண்டு சக்கரமும் சேர்ந்து அமுங்கினால் இரண்டு முனையும் உள்ளே தள்ளும், அப்போதுதான் அது வேலை செய்யும். முழு வேகத்தில் முடுக்கும்போது பின்பக்கம் குந்துவதை இது தாங்கிக்கொள்ளும். அதனால் மூலைகளில் இருக்கும் ஸ்பிரிங்குகளை இளகலாக வைக்கலாம்.

2019இல் யெஸ்கோ வந்தபோது, கீழ்விசை 250 கிமீ வேகத்தில் 800 கிலோ, உச்சத்தில் 1,400 கிலோ என்று நிறுவனம் சொன்னது. கார் எடையே அதற்கு அருகில்தான். இந்தச் சுமைக்கு முன் அச்சிலும் மூன்றாவது டாம்பர் தேவைப்பட்டது. அதைத் தாங்கும் முகமும், உயரத்தில் நிற்கும் பெரிய இறக்கையும் சேர்ந்துதான் யெஸ்கோவின் தோற்றம்.

அப்புறம் அதே காரை உச்ச வேகத்துக்காக யெஸ்கோ அப்சல்யூட் என்று மாற்றினார்கள். இறக்கை போனது, அந்த இடத்தில் போர்விமானத்தின் வால் மாதிரி இரண்டு நிமிர்ந்த துடுப்புகள் வந்தன, பின் மூடி நீண்டது. கீழ்விசை 150 கிலோவாகக் குறைந்தது, காற்றுத்தடைக் குணகம் 0.278க்கு இறங்கியது. முன் அச்சின் மூன்றாவது டாம்பரை எடுத்துவிட்டார்கள். வேலையே இல்லாத இடத்தில் அது எதற்கு? சவாரியும் இளகியது. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை. ஒரே சேஸிஸ், இரண்டு உருவம். வெளியே இறக்கை போனதும் உள்ளே ஒரு டாம்பர் போகிறது. உருவமும் சஸ்பென்ஷனும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள், எது எதற்கு விட்டுக்கொடுத்தது என்று பிரிக்கவே முடியாது.

சரி, வடிவமைப்பாளர் நேரடியாக எங்கே வருகிறார்? சக்கரத்துக்கு மேலே.

சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கும், பெரும்பாலான இந்தக் கார்களில் அப்படித்தான். சாதாரண அமைப்பில் ஸ்பிரிங்கும் டாம்பரும் கீழ் ஆர்மிலிருந்து நேராக மேலே நிற்கும். அதன் தலை எங்கே முடிகிறதோ, உடலின் தோள் அதைவிட உயரமாகத்தான் இருக்க முடியும். வடிவமைப்பாளரோ முன்சக்கரத்துக்கு மேல் உடல் தோல் மாதிரி ஒட்டியிருக்க வேண்டும் என்பார். இதற்கு ஒரு வழி, ஸ்பிரிங்கையும் டாம்பரையும் உள்ளே படுக்க வைத்து, புஷ்ராடும் (சக்கரத்தின் அசைவை உள்ளே கடத்தும் தள்ளுகம்பி) ஒரு சின்ன நெம்புகோலும் வைத்து இயக்குவது. ஃபெராரி என்ஸோ, போர்ஷே கரேரா ஜிடி, லம்போர்கினி அவெண்டடோர் எல்லாம் இந்த வழியில் போனவை. பொறியாளருக்கும் லாபம் உண்டு, சக்கரம் எவ்வளவு நகர்ந்தால் டாம்பர் எவ்வளவு நகரும் என்ற விகிதத்தை நெம்புகோலில் விருப்பப்படி அமைக்கலாம். ஆனால் அதிக பேரிங், அதிக உராய்வு, அதிக எடை. முன்பக்கம் ஓட்டுபவரின் கால் வைக்கும் இடத்தோடும் சண்டை.

இந்தச் சண்டையை ஆதாயமாக மாற்றிய கார் 2017 ஃபோர்டு ஜிடி. அதை ஹைப்பர்கார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், குதிரைத்திறன் 647தான். ஆனால் சஸ்பென்ஷனும் உருவமும் ஒன்றாகப் பிறந்த கார் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதன் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன: முறுக்கும்போது ஸ்பிரிங் போல எதிர்க்கும் கம்பியான ஒரு டார்ஷன் பார், ஒரு சுருள் ஸ்பிரிங். இரண்டு ரப்பர் பேண்டுகளை முடிச்சுப் போட்டு இழுத்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் இழுப்பதைவிட இளகலாக வரும். முடிச்சைக் கையால் பிடித்துக்கொண்டால் சட்டெனக் கடினமாகும். ஜிடியில் ட்ராக் மோடுக்கு மாற்றினால் ஹைட்ராலிக் விசை சுருள் ஸ்பிரிங்கை முழுதாக அமுக்கிப் பூட்டிவிடும். மிச்சம் டார்ஷன் பார் மட்டும். கார் ஒரே கணத்தில் 50 மிமீ இறங்கும், கடினம் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். உயரமும் கடினமும் ஒரே அசைவில் மாறுகின்றன. மல்டிமேட்டிக் நிறுவனத்தின் வேலை இது. இதைவிடச் சுத்தமான தீர்வை நான் ஒரு சாலைக் காரில் கண்டதில்லை.

இந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் உள்ளே போய்விட்டதால் பின்சக்கரத்தின் பக்கத்தில் எதுவும் நிற்கவில்லை. என்ஜினும் ஒடுங்கிய வி6. ஆகவே உடலைக் கண்ணீர்த்துளி மாதிரிப் பின்னோக்கி ஒடுக்க முடிந்தது. சக்கரம் தனியாக வெளியே நிற்கிறது, கூரையிலிருந்து ஒரு வளைந்த பாலம் மட்டும் அதைத் தொடுகிறது, நடுவில் காற்று தடையின்றிப் பாய்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பாலத்தைத்தான் புகழ்ந்தார்கள். விலையும் உண்டு. உட்காரும் இடம் மிக ஒடுக்கம், இரண்டு பேரின் தோள் ஏறக்குறைய உரசும். இருக்கைகள் உடலோடு ஒட்டியவை, நகராது, பெடலையும் ஸ்டியரிங்கையும்தான் நகர்த்திக்கொள்ள வேண்டும். சாமான் வைக்க ஏறக்குறைய இடமே இல்லை. 2016இல் அதன் பந்தய வடிவம் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தது, ஆக விலை வீண் போகவில்லை.

சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவிலுள்ள இடைவெளி இன்னொரு களம். கண்காட்சியில் நிற்கும் மாதிரிக் காரில் விரல்கூட நுழையாது. உற்பத்திக்கு வரும்போது திடீரென்று இடைவெளி தெரியும், ரசிகர்கள் வருத்தப்படுவார்கள். காரணம் எளிது. சக்கரம் முழுதாக மேலே ஏற வேண்டும், அதே நேரத்தில் முழுதாகத் திரும்பவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து காற்றில் வரையும் உருவத்தை மூன்று பரிமாணத்தில் எடுத்து, உடல் அதைத் தொடக் கூடாது என்று பொறியாளர்கள் கோடு கிழித்துவிடுவார்கள். வடிவமைப்பாளர் பிடிவாதமாக இருந்தால் ஸ்டியரிங் திரும்பும் கோணம் குறையும், நீங்கள் வாகன நிறுத்தத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் போவீர்கள். அல்லது சக்கர வளைவு உள்ளே புடைத்து, ஓட்டுபவரின் கால்கள் நடுப்பக்கமாக ஒதுங்கும். மெக்லாரன் எஃப்1இல் மரே ஓட்டுபவரை நடுவில் உட்கார வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் இருந்தால் எந்தச் சக்கர வளைவும் காலை இடிக்காது, பெடல்கள் நேராக இருக்கும்.

இனி சக்கர அளவுக்கு வருகிறேன். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

1990களின் மெக்லாரன் எஃப்1இன் பின் டயர் 315/45, ரிம் 17 அங்குலம். (முதல் எண் டயரின் அகலம் மிமீயில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது.) 2016இன் புகாட்டி ஷிரோனின் பின் டயர் 355/25, ரிம் 21 அங்குலம். ரிம் நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டது. ஆனால் டயரோடு சேர்த்து மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் எஃப்1இல் 715 மிமீ, ஷிரோனில் 711 மிமீ. சக்கரம் வளரவே இல்லை! வளர்ந்தது உலோகம், குறைந்தது ரப்பர். எஃப்1இல் டயரின் பக்கச்சுவர் 142 மிமீ உயரம், ஷிரோனில் 89.

ஏன் இந்த மாற்றம்? மூன்று காரணங்கள், மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

முதலாவது பிரேக். எஃப்1இன் முன் டிஸ்க் 332 மிமீ, ஷிரோனுடையது 420 மிமீ. அந்த டிஸ்க்கே பதினாறரை அங்குலம், அதைச் சுற்றி, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வேண்டும், காற்று போக இடம் வேண்டும். 20 அங்குலத்துக்குக் கீழே அது நுழையாது. கிட்டத்தட்ட இரண்டு டன் காரை 420 கிமீ வேகத்திலிருந்து நிறுத்த வேண்டுமானால் அது நியாயமான தேவை. எஃப்1 1,138 கிலோதான் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எடை கூடினால் பிரேக் கூடும், பிரேக் கூடினால் ரிம் கூடும், ரிம் கூடினால் எடை மறுபடி கூடும்.

இரண்டாவது டயரின் உறுதி. 400 கிமீ வேகத்தில் ஷிரோனின் பின் டயர் விளிம்பில் ஒரு கிராம் ரப்பர் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை போல வெளியே இழுக்கும். சாதாரண இயற்பியல் கணக்குதான், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள். உயரமான பக்கச்சுவர் அங்கே உருவம் மாறும். அதோடு டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதற்கு டாம்பர் கிடையாது. டயரின் கடினத்தை ஒரு மிமீக்கு 300 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 1,000 கிலோ கீழ்விசை வரும்போது டயர் மட்டுமே 8 மிமீ அமுங்கும். அடித்தட்டு உயரத்தை மிமீ கணக்கில் பிடித்து வைக்கப் பாடுபடுகிறவருக்கு இது பெரிய தொல்லை. ஃபார்முலா 1 நீண்ட காலம் 13 அங்குல ரிம்மில், உயரமான டயரையே சஸ்பென்ஷனின் ஒரு பகுதியாக வைத்து ஓடியது. 2022இல்தான் 18 அங்குலத்துக்கு மாறியது.

மூன்றாவது தோற்றம். கறுப்பு டயர் கண்ணில் பதியாது, கண் ரிம்மைத்தான் சக்கரமாக எண்ணும். பேட்டரி, பக்கமோதல் பாதுகாப்பு, குளிர்விக்கும் திறப்புகள் எல்லாம் சேர்ந்து உடல் தடித்துவிட்டது. தடித்த உடலில் 18 அங்குல ரிம் போட்டால் கார் தள்ளுவண்டி மாதிரித் தெரியும். ஆகவே ரிம் வளர்கிறது. பகானி யுடோப்பியாவில் முன்னால் 21, பின்னால் 22 அங்குலம். அவர்கள் பக்கச்சுவரைத் தேயவிடவில்லை, பின் டயர் 325/30, அதாவது 97 மிமீக்கு மேல். மொத்தச் சக்கரத்தையே பெரிதாக்கினார்கள். அது நேர்மையான தீர்வு, ஆனாலும் அச்சிலிருந்து தூரத்தில் சுழலும் நிறை கூடுகிறது.

அந்த நிறைதான் எனக்கு உறுத்தல். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை, அதாவது சக்கரம், டயர், பிரேக், பாதி ஆர்ம், கூடினால் டாம்பர் அதை அடக்கக் கடினமாக உழைக்க வேண்டும். கடினமான டாம்பர் சின்னச் சின்ன அதிர்வுகளை உடலுக்குக் கடத்தும். கோனிக்செக் உள்ளே கூடான கார்பன் சக்கரங்களைச் செய்ததெல்லாம் இந்த எடையைக் குறைக்கத்தான். என் தீர்ப்பு இது: ஷிரோன் போன்ற காருக்கு 20, 21 அங்குலம் தேவை. 1,300 கிலோ பக்கம் நிற்கும் காருக்கு 21, 22 அங்குலம் பெரும்பாலும் கண்ணுக்காக. அழகுக்காகச் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பகானி ஆர்ம்களைக்கூடச் சிற்பம் மாதிரி மெருகேற்றி வைப்பதை நான் நின்று ரசித்திருக்கிறேன். ஆனால் அழகுக்குக் கொடுக்கும் விலை டாம்பரில் வந்து விழுகிறது என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

இதே பகானியின் ஹுவைராவில் எதிர்த்திசையில் ஒரு நல்ல யோசனை இருந்தது. நான்கு மூலையிலும் நான்கு மடிப்புத் தட்டுகள், தனித்தனியாக எழும்பும். வளைவில் உள்பக்கத் தட்டுகள் எழுந்து அந்தப் பக்கத்தைக் கீழே அழுத்தும், கார் சாய்வது குறையும். ஆன்ட்டி-ரோல் பாரின் வேலையில் ஒரு பங்கைக் காற்றே செய்துவிடுகிறது. தட்டுகள் படுத்திருக்கும்போது உடலின் கோடு குலையாமல் இருக்கிறது, பெரிய இறக்கை எங்கும் இல்லை.

எஃப்80 மறுமுனையில் நிற்கிறது. ஒவ்வொரு டாம்பரிலும் 48 வோல்ட் மின்மோட்டார் உண்டு, சக்கரத்தை எழுப்பவும் அழுத்தவும் அதனால் முடியும், இதுவும் மல்டிமேட்டிக்கோடு சேர்ந்து செய்ததே. ஆன்ட்டி-ரோல் பார் இல்லை. நான்கு அசைவுகளையும் மென்பொருளே பிரித்துக்கொள்கிறது. டாம்பர்கள் உள்ளே படுத்திருக்கின்றன, மேல் ஆர்ம்கள் முப்பரிமாண அச்சிடலில் (3டி பிரின்டிங்) செய்தவை, எல்லாம் அடித்தட்டுக்கு இடம் விடத்தான். அந்த இடத்துக்காகப் பயணியையே பின்னால் தள்ளிவிட்டார்கள். ஓட்டுபவர் முன்னால், பக்கத்தில் இருப்பவர் சற்றுப் பின்னால், இருவர் தோளும் மோதாததால் உட்கூடு ஒடுங்கியது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, 1981இல் இதையெல்லாம் தொடங்கி வைத்த மனிதர் கடைசியாக என்ன செய்தார் என்று பார்ப்பது பொருத்தம். கார்டன் மரே 2020இல் டி.50 காரைக் காட்டினார். பின்னால் 400 மிமீ விசிறி ஒன்று அடித்தட்டுக் காற்றை உறிஞ்சுகிறது, அதனால் மேல்பக்கம் இறக்கையோ கத்திகளோ இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. 986 கிலோ எடை. இந்த எடைக்கு உயரம் மாற்றும் ஹைட்ராலிக் வேண்டாம், மின்மோட்டார் வேண்டாம் என்று முடிவெடுத்து, சாதாரண ஸ்பிரிங்கும் சாதாரண டாம்பரும் போதும் என்று வைத்தார். முன் ரிம் 19, பின் ரிம் 20. முன் டயரின் அகலம் 235. அவருடைய மெக்லாரன் எஃப்1இலும் முன் டயர் 235தான்.